தொட்டிப் பனையும் சிராவக அறமும்

உண்ணும் உணவில் உயிர்க்கொலை நேராமல் காப்பதில் நம் குலத்தார் காட்டும் கவனம் நாடறிந்தது. நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். பொழுது சாயுமுன் உண்கின்றோம். கிழங்கு வகைகளை அறவே விலக்கியவர்களும் நம்மிடை உளர். ஆனால், பசி தீர்ப்பதற்கன்றிக் கண்ணுக்கு அழகென்று கருதி, நாமே விலை கொடுத்து வாங்கி வந்து கூடத்தின் மூலையில் நிறுத்தி வைத்திருக்கும் ஓர் உயிரைப் பற்றி நம்முள் எத்தனை பேர் அறநோக்கில் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? தொட்டியில் வளரும் பனையைப் பற்றியே இங்குக் கூறுகின்றோம்.

இதனைச் சிறு பொருள் என்று கருதுவார் உண்டு. காடுகள் அழியும் காலத்தில் ஒரு தொட்டிச் செடிக்காக அறம் பேசுவது மிகை என்பர். எனினும் அறம் பெரியவற்றில் மட்டும் சோதிக்கப்படுவதன்று. வாய் திறந்து கேட்க இயலாத உயிரிடத்தில், பிறர் எவரும் கவனியாத வேளையில் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதே நம் விரதத்திற்கு உரைகல். ஆதலின் ஆராய வேண்டிய வினா இதுவே: ஓர் உயிரை அதன் நிலத்திலிருந்து பிரித்து, நம்மையே நம்பியிருக்கும்படி செய்துவிட்ட பின், அதற்கு நாம் பட்ட கடன் யாது?

ஓரறிவுயிரின் இயல்பு

உயிர்களை நிலைத்திணை உயிர் எனவும் இயங்குதிணை உயிர் எனவும் நம் ஆகமங்கள் வகுக்கின்றன. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள் நிலைத்திணையின்பாற் படும். அவற்றிற்கு உள்ள பொறி ஒன்றே. அது தொடு உணர்வு. பத்துப் பிராணன்களுள் அவற்றிற்கு உரியவை நான்கு. தொடு உணர்வு, உடல் வலிமை, உயிர்ப்பு, ஆயுள் என்பனவே அவை. மனம் அவற்றிற்கு இல்லை. எனினும் உணவு வேட்கை முதலிய நான்கு வேட்கைகளும் அவற்றிற்கும் உண்டு என்பது நம் கொள்கை.

தமிழிலக்கணமும் இக்கருத்தோடு உடன்பட்டு நிற்கின்றது. தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தார். தொல்காப்பியரைச் சமணர் எனக் கொண்ட அறிஞரும் உளர். அவர் அவ்வளவில் நில்லாது, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். இதன்படி பனையும் தென்னையும் கமுகும் மரம் அல்ல, புல்லினமே. இன்றைய தாவரவியலும் பனைக் குடும்பத்தை ஒருவித்திலைத் தாவரங்களுள் வைத்து, ஆலும் வேம்பும் போன்றவற்றைவிடப் புல்லுக்கு நெருங்கிய உறவாகவே காண்கின்றது.

இவ்வேறுபாடு ஏட்டறிவு மட்டுமன்று. பனையைப் பேணுவார்க்கு இன்றியமையாதது. வேம்பின் கிளையை வெட்டினால் வேறிடத்தில் தளிர்க்கும். அதன் பட்டையில் பட்ட காயத்தைப் புதிய திசு மூடிவிடும். பனையினத்திற்கு அந்த ஆற்றல் இல்லை. தண்டைப் பருக்கச் செய்து காயத்தை மூடும் வளர்படலம் அதற்கு இல்லாமையால், தண்டில் பட்ட வடு அதன் ஆயுள் முழுதும் நிற்கும். ஒரு தண்டிற்கு ஒரே குருத்து. அக்குருத்து அழிந்தால் அத்தண்டும் அழியும். ஆணியால் பெயர் கீறும் சிறுவனும், சீரியல் விளக்கைக் கம்பியால் இறுகச் சுற்றும் பெரியவரும் இதனை அறிந்தால் அவ்வாறு செய்யார்.

ஜகதீஸ் சந்திர போஸ் அவர்கள், புறத்தூண்டலுக்குத் தாவரங்கள் மின் துலங்கல் காட்டுவதை 1901ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டினார். அதனைக் கொண்டு செடி நம்மைப் போல் அழுகின்றது, சிரிக்கின்றது என்று கூறுவது மிகை. நம் ஆகமமும் அவ்வாறு கூறவில்லை. ஒரு பொறி உண்டு, மனம் இல்லை என்று அளந்தே கூறியது. அளந்து கூறிய அவ்வுண்மையே நம் கடமைக்குப் போதுமானது.

கட்டுண்ட உயிர்

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது அரேகா பனை என நர்சரிகளில் விற்கப்படும் செடி. பெயர் அவ்வாறாயினும் அது நம் கமுகன்று. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. சில வீடுகளில் காணப்படும் கென்டியா பனை, ஆஸ்திரேலியாவிற்குக் கிழக்கே உள்ள லார்டு ஹோ என்னும் சிறு தீவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராதது. ராபிஸ் பனையின் தாயகம் சீனம். இவையெல்லாம் நம் கூடத்திற்குத் தாமே வந்தவை அல்ல. மனிதனின் விருப்பத்தால் கொண்டுவரப்பட்டவை.

நம் முன்னோர் வாழ்ந்த வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களின் ஏரிக்கரைகளில் நிற்கும் பனைமரத்திற்கு எவரும் ஒரு குடம் நீர் ஊற்றியதில்லை. அது தன் வேரைத் தானே செலுத்தித் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டது. தான் வாழ்ந்ததோடு நமக்கும் ஓலை தந்தது. நம் சான்றோர் சாத்திர தானமாகப் படியெடுத்து வழங்கிய நூல்களெல்லாம் அவ்வோலையில் எழுதப்பட்டவையே. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றுதற்குக் குடந்தைச் சமண அன்பர்கள் துணை நின்றதும், அவ்வோலைகளில் உறைந்திருந்த பொருளை மரபு வழியே அறிந்து வைத்திருந்ததனால் அன்றோ?

கூடத்தில் நிற்கும் பனையின் நிலை வேறு. தாவரத்திற்கு நடத்தல் இல்லை. ஆதலின் ஓரிடத்தில் நிற்பது அதற்குச் சிறையன்று. ஆனால் வேர் நீளுதல் அதன் இயல்பு. நீர் உள்ள திசையை நாடிச் செல்ல வேண்டிய வேர், தொட்டியின் சுவரில் முட்டித் திரும்பித் தன்னைத் தானே சுற்றிக்கொள்கின்றது. மழை அதன்மேல் பெய்வதில்லை. பலகணியின் திரையை நாம் விலக்கினாலன்றி ஒளியும் அதற்கு இல்லை. உணவும் நீரும் ஒளியும் காற்றும் நம் கையால் வந்தாலன்றி அதற்குக் கிட்டா. தாவரத்தைக் கட்டும் கயிறு தொட்டியின் சுவரே.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தில் உண்டாகும் குற்றங்களை, எடுத்துரைக்கின்றார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உண்டியும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை கால்நடைகளையும் நம்மைச் சார்ந்து வாழும் ஏனைய இயங்குயிர்களையும் கருதிக் கூறப்பட்டவை. இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டியது இயங்குயிர்க் கொலையே என்பதும், நிலைத்திணை உயிர்களிடத்தில் தேவையளவு நேரும் தீங்கு அவர்க்குப் பொறுக்கப்பட்டது என்பதும் நாம் அறிந்தவை. அவ்வாறாயின் இவ்வைந்தையும் தொட்டிப் பனைக்குப் பொருத்துவது முறையோ எனின், இவ்வைந்தின் அடிப்படையை நோக்குக. காட்டில் திரியும் மானுக்கு உண்டி தடுத்தல் என்னும் குற்றத்தை எவரும் செய்ய இயலாது. கட்டப்பட்ட பசுவிற்கே அது நேரும். தன் கைக்குள் வந்துவிட்ட உயிரிடத்து மட்டுமே நிகழக்கூடிய குற்றங்கள் இவை. நம் கைக்குள் வந்துவிட்டமையால் தொட்டிப் பனையும் அக்கருத்தினுள் அடங்கும்.

அன்பும் விழிப்பும்

பராமுகத்தோடு கூடிய செயலால் பிராணனைப் பிரித்தலே இம்சை என்பது உமாசுவாமிகள் வகுத்த இலக்கணம். அதற்கு வேர் பிரமாதம், அதாவது விழிப்பின்மை. விழிப்பின்மை இரண்டு வடிவில் வரும். ஒன்று மறதி, மற்றொன்று அறியாமையோடு கூடிய அன்பு. மறதியைக் குற்றம் என்று எவரும் எளிதில் ஒப்புவர். அறியா அன்பைக் குற்றம் என்று ஒப்புவதற்கு நம் மனம் இசைவதில்லை. ஆனால் வீட்டுப் பனைகள் நீரின்றி மடிவதுபோலவே நீர் மிகுந்தும் மடிகின்றன.

காரணம் இது. வேரும் உயிர்க்கின்றது. மண் துகள்களின் இடையே உள்ள காற்றிலிருந்து அது உயிர்வளியைப் பெறுகின்றது. நாள்தோறும் நீர் ஊற்றினால் அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகுகின்றது. அழுகிய வேர் நீரை உறிஞ்ச மாட்டாது. எனவே ஓலை வாடுகின்றது. வாட்டத்தைக் கண்ட இல்லத்தார் இரக்கம் மிகுந்து மேலும் நீர் ஊற்றுகின்றனர். ஓரறிவுயிரின் நான்கு பிராணன்களுள் ஒன்றாகிய உயிர்ப்பை இரக்கமே அறுத்துவிடுகின்றது. ஊற்றிய நீரும் உயிருடைய பொருள் என்பது நம் கொள்கையாதலின், குற்றம் இரட்டிக்கின்றது.

ஆகவே இரக்கத்திற்கு முன் அறிவு வேண்டும். நீர் வேண்டுமா என்பதை நாள்காட்டி கூறாது, மண் கூறும். விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணில் செலுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இருப்பின் காத்திருக்க வேண்டும்; காய்ந்திருப்பின், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்ற வேண்டும். துளையில்லாத அழகுத் தொட்டி பனைக்கு நஞ்சேயாகும். அரிசி கழுவிய நீரைப் புளிக்குமுன் அன்றே ஊற்றலாம். அதனால் புதுநீரின் செலவு குறையும். ஆனால் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுதல் கூடாது. பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அந்நீரில்தான் செறிந்திருக்கின்றது. பனையோலையின் நுனி கருகுவதற்கு உப்பு மிகுந்த நீரும் ஒரு காரணம். அக்கழிவுநீர் தரை கழுவுவதற்கு ஆகும். மழைநீர் கிடைப்பின் அதுவே பனைக்கு உத்தமம்.

ஒளியும் அவ்வாறே. இருண்ட மூலை நம் கண்ணுக்கு அழகாகலாம். செடிக்கு அது மெல்லிய பட்டினி. ஒளியே தாவரத்தின் அடுப்பு. அடுப்பில்லாத இடத்தில் உரமும் நீரும் உணவாகா. கிழக்குப் பலகணியின் அருகே காலை வெயில் படுமாறு வைப்பதும், உச்சி வெயில் நேரே தாக்காமல் காப்பதும், எல்லாப் பக்கமும் ஒளி பெறுமாறு வாரந்தோறும் தொட்டியைச் சிறிது திருப்புவதும் செடிக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல. நாம் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

ஏனைய அதிசாரங்கள்

உண்டியும் நீரும் தடுத்தல் பெரும்பாலும் நாம் புண்ணியம் தேடிச் செல்லும் வேளையில் நேர்கின்றது. பத்து நாள் யாத்திரை புறப்படும்போது வீட்டைப் பூட்டுகின்றோம். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்தச் சொல்கின்றோம். கூடத்தில் நிற்கும் உயிரை மறந்துவிடுகின்றோம். தசலட்சண பர்வத்தில் நாம் உண்ணா நோன்பு நோற்பது நம் விருப்பத்தால். அது தவம். விருப்பமின்றி மூடிய வீட்டினுள் காய்ந்து நிற்பது பனைக்கு நோன்பாகாது. நாம் அதற்கு இழைத்த பட்டினியே ஆகும். அண்டை வீட்டாரிடம் சாவியோடு, எப்பொழுது எவ்வளவு ஊற்ற வேண்டும் என்னும் குறிப்பையும் கொடுத்துச் செல்ல வேண்டும். அதுவும் யாத்திரை ஏற்பாட்டில் ஒரு பகுதியே.

உறுப்பறுத்தல் குறித்து நாவல் மரத்தையும் அறுவரையும் பற்றிய கதையை நம் பிள்ளைகளும் அறிவர். பழத்திற்காக மரத்தை வேரோடு சாய்க்கலாம் என்றான் ஒருவன். அடிமரத்தை வெட்டலாம் என்றான் மற்றொருவன். பெருங்கிளை என்றும் சிறுகிளை என்றும் இருவர் கூறினர். பழத்தை மட்டும் பறிக்கலாம் என்றான் ஐந்தாமவன். தாமே உதிர்ந்தவை போதும் என்றான் ஆறாமவன். கருமை முதல் வெண்மை ஈறாகிய ஆறு லேசியைகளை அக்கதை விளக்குகின்றது. தொட்டிப் பனையின் அடியோலை மஞ்சளானவுடன் அழகு கெட்டதென்று வெட்டுவார் உளர். பனையினம் தன் பழைய ஓலையில் உள்ள பொட்டாசியச் சத்தை மீட்டுப் புதிய ஓலைக்கு அனுப்பும் இயல்புடையது. மூத்த ஓலை தன்னிடம் உள்ளதை இளைய குருத்திற்கு ஈந்துகொண்டிருக்கும் வேளையில் அதனை வெட்டுதல், குருத்தின் உணவைப் பறிப்பதாகும். முற்றும் காய்ந்து பழுப்பானபின் அகற்றுவதே முறை. ஆறாமவனின் பொறுமை இங்கே கத்தரிக்கோலை ஏந்திய கைக்கு வேண்டும்.

விரைந்து வளரட்டும் என்று உரத்தை வாரி இடுவது மிகுபாரம் ஏற்றுதலேயாகும். மிகுந்த உரம் வேரைக் கருக்கும். உரத்தின் மூலத்தையும் நாம் ஆராய வேண்டும். எலும்புத் தூள், இரத்தத் தூள், மீன் அமிலம் ஆகியன இயற்கை உரம் என்னும் பெயரால் விற்கப்படுகின்றன. அவை நம் இல்லத்திற்கு ஆகா. மண்புழு உரத்தில் உயிருள்ள புழுக்களும் அவற்றின் முட்டைகளும் இருத்தல் கூடும். அவற்றைச் சிறு தொட்டியில் அடைத்தால் அவை நெடிது வாழா. மக்கிய இலையுரமும் சிறிதளவு கடலைப் புண்ணாக்கும் போதுமானவை.

அடித்தல் என்பது செடிக்கும் உண்டோ எனின், உண்டு. வருவோர் போவோர் தோள் உரசும் நடைவழியில் தொட்டியை வைத்தால் ஓலை நாள்தோறும் கிழியும். குளிர்சாதனத்தின் காற்று நேரே வீசும் இடத்தில் வைத்தாலும் ஓலை வறளும். இடத்தை இரண்டடி மாற்றினால் தீரும் துன்பம் இது.

பூச்சி வந்தபோது

இதுகாறும் கூறியவற்றில் அறநூல் கற்றார்க்கு ஐயம் எழாது. கடினமான இடம் இனித்தான். பனையில் மாவுப் பூச்சியோ, செதிள் பூச்சியோ, செஞ்சிலந்திப் பேனோ பற்றிவிட்டது என்று கொள்வோம். இப்பொழுது நம் முன் நிற்பவை இரண்டு: ஓரறிவுயிராகிய பனை ஒருபுறம், அதனை உண்டு வாழும் எண்ணற்ற இயங்குயிர்கள் மறுபுறம். பனையைக் காக்க மருந்து தெளித்தால் இயங்குயிர்கள் மடியும். தெளியாவிடில் நம்மை நம்பிய பனை மடியும்.

உழவர் தம் தொழிலில் நேரும் தீங்கைத் தொழில்வழி இம்சை என்றும், தற்காப்பில் நேர்வதை எதிர்ப்புவழி இம்சை என்றும் கூறி நம் நூல்கள் இல்லறத்தார்க்கு ஓரளவு இடமளிக்கின்றன. அழகிற்காக வளர்க்கும் செடிக்கு அவ்விடத்தைக் கோருதல் நேர்மையாகாது. நம் உயிரும் அதனால் காக்கப்படவில்லை. நம் வயிறும் அதனால் நிரம்பவில்லை. எனவே அங்கே மருந்து தெளிப்பது எண்ணிச் செய்யும் கொலைக்கு மிக அருகில் வந்துவிடுகின்றது. வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்பாரும் உளர். கொல்லும் பொருள் வேம்பிலிருந்து வந்ததாயினும் தொழிற்சாலையிலிருந்து வந்ததாயினும் இறக்கும் உயிருக்கு வேறுபாடு இல்லை. பூச்சியை உண்ணும் பொறிவண்டுகளை வாங்கி விடலாம் என்பதும் அத்தகையதே. தான் செய்தலோடு பிறரைக் கொண்டு செய்வித்தலும் உடன்படுதலும் குற்றமென்றே நாம் கற்றிருக்கின்றோம். அண்டை வீட்டாருக்கு நம் மருந்துக் குப்பியை இரவல் தருவது பயனில் தீங்குகளுள் ஒன்றாகிய இம்சாதானம் ஆகும்.

அவ்வாறாயின் வழி யாது? கொல்ல வேண்டிய நிலை எழாதவாறு முன்னரே காப்பதே சிராவகனின் வழி. செஞ்சிலந்திப் பேன் வறண்ட காற்றில் பெருகும். ஈரத் துணியால் ஓலையின் இருபுறமும் வாரந்தோறும் மென்மையாகத் துடைத்து வந்தால், தூசியும் அகலும், அது குடியேறும் வாய்ப்பும் குறையும். மண்ணில் எழும் சிறு கொசுறு ஈக்கள் எப்பொழுதும் ஈரமாய் உள்ள மண்ணில் பெருகும். மேல்மண் காயவிட்டு நீர் ஊற்றினால் அவை பெருகா. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும்; முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டை அன்றன்றே வடித்துத் துடைத்துவிட்டால், நாற்பொறி உயிர்களை முதலில் பிறக்க விட்டுப் பின்னர்க் கொல்லும் கொடுமை நேராது. புதிதாக வாங்கிய செடியை இரு வாரம் தனியே வைத்து, ஓலையின் அடிப்புறத்தைப் பார்த்தபின் பிற செடிகளோடு சேர்ப்பதும் இவ்வகைக் காப்பே. நீரை மிகுதியாக ஊற்றிய ஒரு விழிப்பின்மையிலிருந்தே வேரழுகலும் ஈயும் கொசுவும் தொடர்ந்து வருவதை நோக்கினால், பிரமாதத்தை இம்சையின் வேர் என்று ஆச்சாரியர் கூறியதன் உண்மை விளங்கும்.

இத்தனையும் செய்த பின்னும் பூச்சி பற்றிவிட்டால், செடியை மாடிக்கோ முற்றத்திற்கோ கொண்டுசென்று, நிழலும் காற்றும் மழையும் படும் இடத்தில் வைப்பதே நாம் செய்யக்கூடியது. அங்கே பனை பிழைக்கவும் கூடும். பிழையாமற் போகவும் கூடும். துடைக்கும் துணியில் சில உயிர்கள் மடிந்திருக்கவும் கூடும். முற்றிலும் தீங்கற்ற வழி இங்கே இல்லை என்பதை மறைப்பதால் பயனில்லை. அதற்காகவே நமக்குப் பிரதிக்கிரமணம் வகுக்கப்பட்டது. ஆனால் தீங்கைக் குறைக்க முயன்றபின் செய்யும் பிரதிக்கிரமணம் வேறு. முயலாமல் ஓதும் பிரதிக்கிரமணம் வேறு.

எதற்காக வளர்க்கின்றோம்?

இக்கடினத்தை உணர்ந்தார் முதலில் கேட்க வேண்டிய வினா, வாங்கத்தான் வேண்டுமா என்பது. வீட்டுப் பனை காற்றைத் தூய்மையாக்கும் என்று கூறி விற்கின்றனர். 1989இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வே இக்கூற்றுக்கு மூலம். அது காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் நடத்தப்பட்ட சோதனை. பல ஆய்வுகளையும் ஒருங்கே வைத்து மதிப்பிட்டு 2019இல் வெளிவந்த கட்டுரை, திறந்த பலகணியும் காற்றோட்டமும் செய்யும் பணியைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டியிருக்கும் எனக் கணக்கிட்டது. பலகணியைத் திறந்தால் ஆவதைப் பனையின் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

பயன் கருதி வளர்க்கின்றோம் என்னும் வாதம் நீங்கினால் எஞ்சுவது அழகும் பற்றும். அழகை நுகர்தல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. ஆனால் போகத்திற்கும் உடைமைக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுதல் அவர்க்கு விரதம். பத்துத் தொட்டிகளை வாங்கி எட்டினைக் காயவிடுவதினும், ஒன்றை வாங்கி அதனை நன்கு பேணுவது மேல். ஒன்றையும் பேண நேரமில்லாதார் வாங்காதிருப்பது அதனினும் மேல்.

நாம் நெல்லையும் காயையும் உண்கின்றோமே, அங்கே அழியும் ஓரறிவுயிர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி இல்லையே என்று வினவலாம். உண்பது உடலைக் காக்கும் தேவை. தேவையளவு நேரும் தீங்கு இல்லறத்தார்க்குத் தவிர்க்கவொண்ணாதது. தேவையின்றி மண்ணைக் கிளறுதலையும் நீரைச் சிந்துதலையும் தாவரத்தை ஊறு செய்தலையும் பயனில் தீங்கு எனச் சமந்தபத்திரர் விலக்கினார். அவர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தைத் தழுவி எழுந்த அருங்கலச்செப்பு நம் தமிழில் உள்ளது. தேவை எங்கே இல்லையோ அங்கே பொறுப்பு மிகுகின்றது என்பதே அவ்விரதத்தின் கருத்து. நாம் உண்ணும் கீரையினும் நாம் அழகிற்கு நிறுத்திய பனையிடத்து நாம் மிகுந்த கடன்பட்டிருப்பது இதனாலேயாம்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள், பனை பெரிதாகிக் கூரையை முட்டும்போது அதனைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடல் ஆகாது. அதற்கு மண் உள்ள இடம் தேட வேண்டும். கோயில் நந்தவனமோ, பள்ளியின் முற்றமோ, ஊரில் உள்ள உறவினரின் தோட்டமோ ஆகலாம். நிழலில் வளர்ந்த ஓலை திடீரெனப் பட்ட வெயிலில் கருகும். ஆகையால் சில வாரங்கள் நிழலில் வைத்து, வெயிலைச் சிறிது சிறிதாகப் பழக்கி, வேர்க்கட்டு சிதையாமல் நட வேண்டும். கட்டியவன் அவிழ்க்கும் முறையும் அறிந்திருக்க வேண்டும்.

சமவசரணத்தில் அருகப் பெருமான் அசோக மரத்தின் நிழலில் வீற்றிருப்பதை நாம் நாள்தோறும் வணங்கும் திருவுருவங்களில் காண்கின்றோம். திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலில் நிற்கும் குரா மரத்தை வலம் வருகின்றோம். மரத்தை வணங்கும் மரபில் வந்தவர்கள் நாம். வணங்கும் மரத்திற்குக் காட்டும் மதிப்பில் ஒரு சிறு பங்கையேனும், நம் வீட்டில் நம்மை நம்பி நிற்கும் பனைக்குக் காட்டுதல் வேண்டும். அதற்கு வேண்டுவது பொன்னும் பொருளும் அன்று. காலையில் ஒரு நிமிடம் நின்று, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் விழிப்பே. தொடு உணர்வு ஒன்றே உடைய உயிரை, நம் ஐம்பொறிகளுள் அதற்கும் நமக்கும் பொதுவான அவ்வொன்றினால் அறிந்து பேணுவோமாக. அவ்விழிப்பைப் பிள்ளைகளுக்கும் பழக்கினால், வாய் பேசாத உயிர்களிடத்து மட்டுமன்றிப் பேச இயலாமல் நோயில் கிடக்கும் முதியோரிடத்தும் அவர்கள் அதனைக் காட்டுவர்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!